வேட்டைக்காரனும் அவன் சங்கமும்

வேட்டையைத் தனியாள் காரியம் என்று நினைத்துக்கொள்கிறோம். துப்பாக்கி வந்த பிறகுதான் அது அப்படி ஆயிற்று. வலை கட்டி முயல் பிடிக்க ஆள் வேண்டும். புதரைத் தட்டுகிறவன், நாயைப் பிடித்திருக்கிறவன், வலையோரம் மூச்சு விடாமல் படுத்திருக்கிறவன் என்று வேலை பிரிந்திருக்கும். ஊத்துக்குளியைச் சுற்றிய கொரங்காடுகளிலும் முயல் வேட்டை என்றால் இதுதான். பங்கு போடும்போது நாய்க்காரனுக்கும் ஒரு பங்கு. இந்தக் கூட்டு வேலையிலிருந்து பிறந்தது, கருத்திலிருந்து அல்ல. ரைபிள் வைத்திருப்பவனுக்கு யார் துணையும் தேவையில்லை, தொலைவில் நின்று ஒருவனே கொன்றுவிடலாம். ஆனால் விதிமுறை, சந்தா, செயலாளர் சகிதம் சங்கம் அமைத்துக்கொண்டவன் இவன்தான். ஏன் என்ற கேள்வி வேட்டையைப் பற்றியது மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

நீலகிரியில் 1877இல் துரைமார்கள் இப்படி ஒரு வேட்டைச் சங்கம் கண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1879இல், நீலகிரியின் வேட்டைப் பிராணிகளையும் மீனையும் பாதுகாக்கச் சென்னை ராஜதானி ஒரு சட்டம் செய்தது. இன்ன மாதங்களில் சுடக்கூடாது, உரிமம் இல்லாமல் சுடக்கூடாது என்பதெல்லாம் மெல்ல மெல்ல முறைமையாயின. வரையாட்டில் கிடாவை மட்டுமே சுடுவது, அதிலும் முதுகு வெளுத்த முதிர்ந்த கிடாவைத் தேடிப் போவது கௌரவம் என்று ஆயிற்று. கறிக்காகச் சுடுகிறவன் இழிந்தவன். கொம்புக்காகச் சுடுகிறவன் கனவான். வயிற்றுக்குக் கொல்வதைவிட வேறெதற்கோ கொல்வது மேல் என்கிற இந்த ஏணியை வேறெங்கே பார்த்தாலும் நாம் சிரித்திருப்போம். மலையில் தலைமுறை தலைமுறையாகக் கண்ணி வைத்துப் பிழைத்தவன் ஒரே வீச்சில் திருட்டு வேட்டைக்காரன் ஆனான். ஒரு விளையாட்டும் ஒரு குற்றமும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன.

சங்கம் வந்தவுடன் அளவுகோலும் வந்துவிடுகிறது. மலைச்சரிவில் நடந்ததை வேறு யாரும் பார்க்கவில்லையே! லண்டனில் பிராணிகளைப் பாடம் செய்து விற்ற ரோலண்ட் வார்டு 1892 முதல் கொம்புகளின் நீளத்தை அங்குலம் அங்குலமாகப் பட்டியலிட்டுப் புத்தகமாகப் போட்டார். காட்டில் ஒருவனுக்கு நேர்ந்தது என்னவாக இருந்தாலும் — பயம், பரவசம், ஏன், துக்கமாகவே இருக்கலாம் — அது சகாக்களிடம் போய்ச் சேரும்போது அங்குலமாகத்தான் போய்ச் சேர்கிறது. அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் கூடினார்கள். பகிர முடிந்ததை மட்டுமே அனுபவமாக வைத்துக்கொண்டார்கள்.

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் வேட்டுவனை இவர்களுக்கு அருகில் நிறுத்திப் பார்க்கலாம். ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உருவிப் போய்ப் புற்றிலிருக்கும் உடும்பில் தைக்கிறது. அதிசயோக்திதான். ஆனால் பாணர்கள் புகழ்ந்து பாடும்போது அவன் நாணுகிறான். அவர்கள் கேட்கவந்ததைக் கேட்குமுன் சுட்ட இறைச்சியையும் பொன்னையும் மணியையும் கொடுத்துவிடுகிறான். பெயரைச் சொல்லவில்லை. கொல்லி மலை ஓரியோ அவன் என்பது பாட்டே ஊகிப்பது. சாட்சிகள் எதிரிலேயே இருந்தும் சாட்சியத்தை வாங்கிக்கொள்ள மறுத்த வேட்டைக்காரன் அவன் ஒருவன்தான் போலும்.

இதற்கு நேர்மாறான கோடியில் நிற்கிறது ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் எழுதிய பர்மா யானைக் கட்டுரை. அங்கே போலீஸ் அதிகாரி சுட விரும்பவில்லை. பின்னால் நிற்கும் கூட்டம் எதிர்பார்க்கிறது என்பதற்காகச் சுடுகிறான். அந்தக் கூட்டம் அவனுக்கு அந்நியம். அதனால்தான் தான் செய்வது அவனுக்குத் தெரிகிறது. பின்னால் நின்றவர்கள் அவனைப் போன்றவர்களாகவே இருந்திருந்தால் அந்தக் கட்டுரை எழுதப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். குறி எப்படி வைத்தாய், எந்தத் தோட்டா என்று பேசிக்கொண்டே திரும்பியிருப்பார்கள்.

ஒத்த மனத்தவர் கூடும் இடத்தின் இயல்பு இது. எப்போது, எதை, எப்படி என்ற கேள்விகள் அங்கே மிகுந்த நுட்பத்தோடு விவாதிக்கப்படும். செய்யலாமா என்ற கேள்வி மட்டும் எழாது. அதை யாரும் தடுப்பதில்லை. அதற்கு விடை கண்டவர்கள்தான் உறுப்பினர் ஆகிறார்கள். சில நூறு பிரதிகள் அச்சாகி, எழுதுகிறவர்களே வாசித்துக்கொள்ளும் நம் பத்திரிகைகளும் சஹிருதயர் என்ற நல்ல பெயரில் இதையே செய்துகொண்டிருக்கக்கூடும்.

ஆனால் இதோடு விட்டுவிட்டால் அது சௌகரியமான கண்டனமாகிவிடும். வரையாடு இன்று உயிரோடிருப்பதில் வேட்டைக்காரர்களுக்குப் பங்குண்டு. மூணாறுத் தோட்டக்காரர்கள் தங்கள் வேட்டைக்கென்று காத்துவந்த இரவிகுளம்தான் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. அங்கே காவல் நின்றவர்கள் முதுவர்கள். நீலகிரியில் 1963இலும் 1975இலும் வரையாடுகளைக் கணக்கெடுத்த குன்னூர் வழக்கறிஞர் ஈ. ஆர். சி. தாவிதாரும் முன்னாளில் வேட்டையாடியவரே. தமிழ்நாட்டில் 2024இல் எடுத்த கணக்கில் 1,031 வரையாடுகள் இருந்தன. காருண்யம் பேசியவர்கள் யாரும் அந்தப் பாறைகளில் ஏறி எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கொம்பை அளந்த அதே பழக்கம் உயிரோடிருப்பதையும் எண்ணக் கற்றுக்கொண்டது. நோக்கத்தின் கறையைப் பலன் கழுவிவிடுமா? கழுவாது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பலன் இல்லாமலும் முடியாது. செய்யலாமா என்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் வெளியிலிருந்து கேட்டு, அதுவே விடையும் சொன்னது. அந்த விடை கனவானின் ரைபிளையும் கொரங்காட்டு வலையையும் ஒரே தட்டில் வைத்தது.

வெளியிலிருந்துதான் கேள்வி வரவேண்டும் என்பதற்கு நாங்கள் மலையேற வேண்டியதில்லை. சாயநீரை எப்படிச் சுத்திகரிப்பது என்று திருப்பூரில் பல வருடம் பேச்சு நடந்தது. விடலாமா என்று கேட்டவர்கள் நொய்யலின் கீழ்ப்பகுதி விவசாயிகள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அவர்கள் தொடுத்த வழக்கில்தான்.

இப்போது ஊத்துக்குளி சாலையில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022இல் பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சார் பட்டியல். குளிர்காலத்தில் விடியுமுன் பைனாகுலரோடு கூடுகிறார்கள். துப்பாக்கி இல்லை, பிணம் இல்லை. அது சின்ன வித்தியாசமல்ல. ஆனால் பட்டியல் இருக்கிறது, அரியது சாதாரணமானது என்ற தரவரிசை இருக்கிறது, யார் முதலில் பார்த்தது என்ற பேச்சு இருக்கிறது. ஒரு நாமக்கோழி எத்தனை முறை தலையை ஆட்டிக்கொண்டு நடந்தாலும் அது எப்போதும் உள்ளதுதான் என்று கண்ணாடி அதைத் தாண்டிப் போய்விடுகிறது.