பொது நோக்கம் என்னும் சொல்

தனியுடைமை புனிதமானது என்று நாம் ஒருபோதும் சொன்னவர்களல்லர். நிலவுரிமை எவ்வாறு உண்டாயிற்று, எத்தனை பேருடைய உழைப்பின்மீது ஓர் உறுதிப்பத்திரம் நிற்கிறது என்பதையெல்லாம் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லி வந்தவர்கள் நாம். ஆகவே, பொது நோக்கத்திற்காக ஒரு தனிமனிதரின் காணியை அரசு சுவீகரிக்கிறது என்ற செய்தி வரும்போது எமது முதல் உணர்ச்சி அரசின் பக்கம் சாய்வது இயல்பே. பாதை வேண்டும், பாடசாலை வேண்டும், குளம் வேண்டும். காணிக்காரன் கூக்குரலிட்டால் இடட்டும் என்று நாம் எண்ணுகிறோம். இவ்வுணர்ச்சியிற் குற்றமில்லை. ஆயினும் 2005ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆந் திகதி அமெரிக்க உச்சநீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைப் படித்தவர்கள், அவ்வுணர்ச்சியை ஒருமுறை உரைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

கொனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்பது கடலோரத்துச் சிறு நகரம். 1996இல் அங்கிருந்த கடற்படை ஆராய்ச்சி நிலையம் மூடப்பட்டது. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அங்கு வேலை செய்துவந்தனர். 1998இல் நகரின் வேலையின்மை மாநில விகிதத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. சனத்தொகை இருபத்துநாலாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. இந்த நிலையில் பைஸர் என்னும் மருந்துக் கொம்பனி, 30 கோடி டொலர் செலவில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் கட்டப்போவதாக அறிவித்தது. அதற்கு அயலிலே இருந்த போர்ட் ட்ரம்புல் என்ற பழைய குடியிருப்பில் 90 ஏக்கர் நிலத்தைத் திரட்டி, ஹோட்டலும், புதிய வீடுகளும், அலுவலகங்களும், படகுத்துறையும் அமைப்பதென்று திட்டம் வகுக்கப்பட்டது. திட்டத்தை நடத்தியது நகரசபை அன்று. அதன் பெயரால் இயங்கிய ஒரு தனியார் அபிவிருத்திக் கழகத்திடம், மறுப்பவரின் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரத்தையும் நகரம் ஒப்படைத்தது.

அப்பகுதியில் ஏறக்குறைய 115 தனியார் காணிகள் இருந்தன. பெரும்பாலோர் விற்றுவிட்டுப் போயினர். ஒன்பது பேர் மறுத்தனர். அவர்களுள் ஒருவர், தாம் விரும்பி வாங்கிய சிறு வீட்டுக்கு இளஞ்சிவப்பு நிறம் பூசி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த ஒரு தாதி. இன்னொருவர் 1918இல் அதே வீட்டிற் பிறந்து, வேறெங்கும் வசித்தறியாத மூதாட்டி. இவர்களது வீடுகள் பாழடைந்தவை என்றோ, சேரி என்றோ யாரும் குற்றஞ்சாட்டவில்லை. அவை இருந்த இடமே அவற்றின் குற்றம்.

அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாந் திருத்தம் 1791இல் நிறைவேறியது. பொது உபயோகத்திற்காகத் தனியார் சொத்தை எடுப்பதாயின் நியாயமான நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று அது கூறுகிறது. கேள்வி இதுதான்: ஒருவருடைய வீட்டை எடுத்து மற்றொரு தனியாரிடம் கொடுத்தால், அதனால் நகருக்கு வரியும் வேலையும் பெருகக்கூடும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே அதைப் ‘பொது உபயோகம்’ ஆக்கிவிடுமா? ஆக்கும் என்று ஐந்து நீதியரசர்களும், ஆக்காது என்று நால்வரும் கூறினர். கீலோ எதிர் நியூ லண்டன் நகரம் என்ற அவ்வழக்கில் வீட்டுக்காரர்கள் தோற்றார்கள்.

இனி நாம் வெட்கத்தோடு கவனிக்கவேண்டிய விடயத்துக்கு வருவோம். நகரத்தின் பக்கம் நின்றவர்களுள், நீதியரசர் கென்னடி நீங்கலாக, ஸ்டீவன்ஸ், சூட்டர், கின்ஸ்பேர்க், பிரையர் ஆகிய நால்வரும் அம்மன்றத்தின் முற்போக்கு அணியினர். வீட்டுக்காரர்களின் பக்கம் நின்றவர்கள் பழைமை பேணுவோர். நடுத்தரப் போக்கினரான ஓகொனர் எழுதிய மறுப்புரையின் சாரம், இந்நியாயத்தை ஏற்றுக்கொண்டால் எந்தச் சிறிய சத்திரத்தையும் இடித்து ஆடம்பர ஹோட்டல் கட்டலாம், எந்தக் கமத்தையும் அழித்துத் தொழிற்சாலை நிறுவலாம் என்பதே. அந்த மன்றத்திலேயே மிகப் பிற்போக்கானவர் என்று நாம் கருதும் தோமஸ், இன்னும் கூர்மையான ஓர் உண்மையை நினைவூட்டினார். 1954இல் வாஷிங்டன் நகரின் தென்மேற்குப் பகுதியைச் சேரி ஒழிப்பு என்ற பெயரிற் காலிசெய்ய அதே நீதிமன்றம் அனுமதித்தபோது, வீடிழந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். வாய்ப்பற்றவர்களின் நிலமே மலிவானது; அவர்களது குரலே நகரசபையில் எட்டாதது; ஆகவே ‘பொது நன்மை’ முதலில் அவர்களுடைய கதவைத்தான் தட்டும். இது நாம் எழுதியிருக்கவேண்டிய வாக்கியம். எழுதியவர் அவர்.

முற்போக்கு நீதியரசர்களின் நிலைக்கு ஒரு கண்ணியமான வரலாறு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1905இல், வெதுப்பகத் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்ற நியூ யோர்க் சட்டத்தை, ஒப்பந்தச் சுதந்திரத்தின் பேரால் அதே உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முப்பது ஆண்டுக்கு மேலாகத் தொழிலாளர் நலச் சட்டங்கள் பல இவ்வாறு வெட்டிச் சாய்க்கப்பட்டன. சொத்துரிமையைக் கேடயமாகப் பிடித்த நீதிபதிகளிடம் சூடுண்ட ஒரு மரபு, மக்களாற் தெரிவுசெய்யப்பட்ட சபை எது பொதுநன்மை என்று சொல்கிறதோ அதிலே நீதிமன்றம் தலையிடலாகாது என்ற முடிவுக்கு வந்தது. அம்முடிவு நல்ல பயனையும் தந்திருக்கிறது.

ஹவாய்த் தீவுகள் அதற்குச் சான்று. அங்கே நிலத்தின் ஏறத்தாழ அரைப்பங்கு மாநில, மத்திய அரசுகளிடம் இருந்தது. மேலும் 47 சதவீதம் வெறும் 72 தனியாரின் கையில் இருந்தது. வீடு கட்டி வாழ்ந்த மக்கள் தாம் வாழ்ந்த மண்ணுக்கு என்றென்றும் குத்தகைக்காரராகவே இருந்தனர். பழைய குலத்தலைவர் ஆட்சியில் தோன்றிய இவ்வமைப்பை உடைக்க, 1967இல் ஒரு நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. நிலக்கிழாரிடமிருந்து காணியைக் கட்டாயமாக எடுத்து, அதிற் குடியிருந்த குத்தகைக்காரருக்கே விற்பது அதன் முறை. ஒரு தனியாரிடமிருந்து இன்னொரு தனியாருக்குத்தான் அங்கும் நிலம் போயிற்று. 1984இல் உச்சநீதிமன்றம் அதனை ஒருமனதாக ஏற்றது. தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் நியூ லண்டன் வழக்கில் மறுத்தெழுதிய அதே ஓகொனர்.

இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? சட்டத்தின் சொற்கள் இரண்டுக்கும் ஒன்றே. அரசின் கையில் உள்ள கருவியும் ஒன்றே. 1625இல் டச்சு அறிஞர் குரோஷியஸ் அதற்கு ‘மேலாண்மை உரிமை’ என்ற பொருளில் ஓர் இலத்தீன் பெயரும் சூட்டிவிட்டார். ஆனால், ஒன்றில் நிலம் மேலிருந்து கீழே இறங்கியது. மற்றதில் கீழிருந்து மேலே ஏறியது. ஒன்றில், குடியிருப்பவன் தான் குடியிருக்கும் மண்ணுக்கு உரியவனானான். மற்றதில், குடியிருப்பவள் அங்கிருந்து பெயர்க்கப்பட்டாள். யாரிடமிருந்து, யாருக்கு என்று கேளாமல் ‘பொது’ என்ற சொல்லை மாத்திரம் கேட்டுத் தலையசைப்பவன், வர்க்கம் என்ற சொல்லை மறந்துவிட்டவன்.

தனியுடைமை ஒழிப்பு என்று கேட்டவுடன் இளஞ்சிவப்பு வீட்டையும் தேயிலைத் தோட்டத்தையும் ஒன்றாக்கிப் பேசுவது எமது நண்பர் சிலரின் வழக்கம். 1848இல் மார்க்சும் எங்கெல்சும் வெளியிட்ட அறிக்கையை ஊன்றிப் படித்தவர்கள் அவ்வாறு பேசமாட்டார்கள். பிறருடைய உழைப்பைத் தன்வசமாக்கும் ஆற்றலாக இயங்கும் உடைமையே அவர்களது குறி. சிறு கைவினைஞனும் சிறு கமக்காரனும் தம் உழைப்பாற் தேடிய உடைமையை ஒழிக்கவேண்டிய வேலையே இல்லை, மூலதனம் அதைத் தினந்தோறும் ஒழித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அவர்கள் ஏளனமாகச் சொன்னார்கள். நியூ லண்டனில் நடந்தது அதுவே. அங்கே புல்டோசரின் மேல் பறந்த கொடி மட்டும் நகரசபையுடையது.

நஷ்டஈடு கொடுத்தார்களே என்று கேட்கலாம். சந்தை விலை என்பது என்ன? விற்க விரும்புபவனும் வாங்க விரும்புபவனும் சந்திக்கும் புள்ளி. இங்கே விற்க விரும்புபவன் இல்லை. தகப்பன் நட்ட மாமரம், பிள்ளைகள் நடந்து போகும் தூரத்திற் பாடசாலை, அவசரத்துக்குக் கூப்பிட்டாற் கேட்கும் அயல்வீடு ஆகியவற்றுக்குச் சந்தையில் விலையில்லை. விலையில்லாதது மதிப்பீட்டாளரின் தாளிற் பூச்சியமாகவே பதியப்படும். யாழ்ப்பாணத்து மக்கள் முதுசம் என்றும் தேடியதேட்டம் என்றும் சொத்தை வேறுபடுத்திப் பேசுவது தேசவழமைச் சட்டத்தின் வெறும் கலைச்சொல் வழக்கன்று. தமக்கு வந்த முறையைக்கொண்டு உடைமையை அறிகின்ற ஒரு மனப்பான்மை அதிலே உண்டு. பெருமுதலாளியின் பங்குப் பத்திரத்துக்குச் சந்தை விலையே முழு விலை. அவனுக்கு நியாயம் செய்ய எளிது.

நியூ லண்டனின் மிகுதிக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 2009இல் பைஸர் கொம்பனி அந்நகரை விட்டுப் போவதாக அறிவித்தது. கட்டப்படவிருந்த ஹோட்டலுக்கு மூலதனம் கிடைக்கவில்லை. வீடுகள் இடிக்கப்பட்ட நிலம் ஆண்டுக்கணக்காகப் புல் மண்டி, கட்டாக்காலிப் பூனைகளின் இருப்பிடமாயிற்று. இளஞ்சிவப்பு வீடு கழற்றப்பட்டு நகரின் வேறொரு மூலையிற் பொருத்தப்பட்டது. 1918இற் பிறந்த மூதாட்டி, தீர்ப்பு வந்த அடுத்த ஆண்டு காலமானார். தீர்ப்புக்குப் பின் நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் தத்தம் சட்டத்தைத் திருத்தின. அவற்றுட் பல பெயரளவுத் திருத்தங்களே.

இடதுசாரிகள் ஆட்சிப்பீடத்தில் இருந்தால் இவ்விதம் நேராது என்று ஆறுதல் கொள்வோருக்கு மேற்கு வங்கத்துச் சிங்கூர் விடை சொல்லும். குத்தகை விவசாயிகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிப் பாதுகாத்த பெருமையுடைய இடது முன்னணி அரசாங்கமே, 2006இல், டாட்டா கொம்பனியின் மோட்டார்த் தொழிற்சாலைக்காக ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் விளைநிலத்தை எடுத்தது. அதற்குக் கையிலெடுத்த ஆயுதம், வெள்ளைக்காரன் 1894இல் இயற்றிய சட்டம். கொம்பனி 2008இல் குஜராத்துக்குப் போயிற்று. முப்பத்துநான்கு ஆண்டு ஆட்சி 2011இல் வீழ்ந்தது. நிலத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு 2016இல் இந்திய உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. கைத்தொழில் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கமக்காரனைக் கேளாமல் கமக்காரனுக்கு நன்மை செய்யப் புறப்பட்டவர்களுக்கு அவன் கொடுத்த பதிலைத்தான் சொல்கிறோம்.

எமது நாட்டில் இக்கதை பழையது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலமெல்லாம் மறுதலை நிரூபிக்கப்படும்வரை அரசியாருக்கே சொந்தமென்று ஊகித்துக்கொண்டது. கண்டிக் கிராமத்தவனிடம் நிரூபிக்கப் பத்திரமில்லை. நிலம் கோப்பித் துரைமாருக்குப் போயிற்று. சுதந்திரத்தின் பின் வந்த 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம், பொது நோக்கம் எதுவென்று தீர்மானிப்பதை அமைச்சரிடம் விட்டது. 1972இன் காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு ஐம்பது ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தபோதும், 1975இற் கொம்பனித் தோட்டங்கள் தேசியமயமானபோதும் நாம் ஆர்ப்பரித்தோம். ஆனால் அத்தோட்டங்களை உண்டாக்கிய மலையகத் தொழிலாளிக்கு அவற்றில் ஒரு துண்டு நிலமும் உரிமையாகவில்லை என்பதைப் போதிய உரத்துடன் சொன்னோமா?

பின்னர், பத்தரமுல்லையிற் பொது நோக்கத்திற்கென மக்களிடமிருந்து எடுத்த நிலம் தனியாரின் கோல்ப் விளையாட்டுத் திடலாக மாறிற்று. 2008இல் எமது உயர்நீதிமன்றம் அதைத் தகர்த்து, நிலம் அரசிடம் இருப்பது மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாகவே என்று கூறி, முன்னாள் சனாதிபதியே முப்பது இலட்சம் ரூபா செலுத்தவேண்டுமென்றும் பணித்தது. சொத்துரிமையை அடிப்படை உரிமையாக ஏற்காத 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் கீழேயே இத்தீர்ப்பு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. காணிக்காரனின் உரிமையை உயர்த்திப் பிடிக்காமலே, அரசு தன் வாக்கைக் காப்பாற்றவேண்டும் என்ற ஒரே நியாயத்தால் அதைச் சொல்ல முடிந்தது. எமக்கு இந்த வழியே உவப்பானது.

வலிகாமம் வடக்கில் அந்த வழி அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. 1990இல் யுத்தத்தாற் பெயர்க்கப்பட்ட மக்கள், மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களிற் கிடந்தார்கள். 2013 ஏப்பிரலில், 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்காகச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் வெளியாயின. உரிமையாளரை அறிந்துகொள்ள முடியவில்லை என்று அவற்றிற் கூறப்பட்டிருந்தது. அவ்வுரிமையாளர்கள் சில மைல் தூரத்தில், அரசே பதிவுசெய்த முகாம்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015க்குப் பின் நிலம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது, முழுவதும் விடுவிக்கப்படவில்லை.

விடுவிக்கப்பட்ட நாளில், உறுதிப்பத்திரத்தை மடியிற் கட்டிக்கொண்டு பலர் வேலியோரத்தில் நின்றார்கள். முகாமில் எஞ்சியோரிடம் மடியிற் கட்டுவதற்கு எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பிறருடைய வளவிற் கொட்டில் போட்டு, பிறருடைய தோட்டத்தில் இறைத்துக் கொத்தி வாழ்ந்த குடும்பங்கள் அவை. சுவீகரிப்புச் சட்டமும் அவர்களைக் காணவில்லை. அச்சட்டத்தை எதிர்த்துச் சொத்துரிமை பேசிய மனுக்களும் அவர்களைக் காணவில்லை. வாஷிங்டனிற் கலைக்கப்பட்ட வாடகைக் குடிகளுக்கும், சிங்கூரிற் பதிவேறாத குத்தகைக்காரருக்கும், கொழும்பில் 2010க்குப் பின் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபை மாடிவீடுகளுக்குப் பெயர்த்த தோட்டத்து மக்களுக்கும் நேர்ந்தது இதுவே. காணிக்காரனுக்காக நாம் இதுவரை பேசியதெல்லாம், அவனுடைய வளவுக்குள் அவனுக்கு முன்பே விளக்கேற்றி வாழ்ந்தவனுக்கும் சேர்த்துத்தானா என்று, அந்த முகாமிற் படிப்பித்த எமது ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு நாம் இன்னும் பதில் எழுதவில்லை.