நிறம் நீங்குதலும் மாசு நீங்குதலும்

திருச்சிற்றம்பலம்



பாலாற்றங்கரை நாட்டிலே, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில், மனையின் புழைக்கடையிற் சிறு குட்டை எடுத்து மீன் வளர்ப்பார் பலர் உளர். அக்குட்டையின் நீர் நாளடைவில் நிறம் வேறுபடுதல் இயல்பு. அங்ஙனம் வேறுபட்ட நீரைத் தெளிவிப்பது எவ்வாறு என்னும் வினா, மனைத்தொழில் பற்றியதோர் எளிய வினாவாகவே தோன்றும். ஆயினும், மல நீக்கம் இன்னதெனத் துணிதற்கு நம் ஆசிரியன்மார் நீரையும் பாசியையும் செம்பையும் களிம்பையும் உவமையாக எடுத்தாண்டனராதலின், அவ்வினாவைச் சித்தாந்தநெறி நின்று ஆராய்தல் பயனுடைத்து. நீரின் நிறம் நீங்குதல் வேறு, அதன் மாசு நீங்குதல் வேறு என்பதே ஈண்டு யாம் நிறுவப் புகுவது.

நீரை ஆராய்தல் சைவர்க்குச் சிறுதொழில் அன்று. இறைவனுடைய எட்டு மூர்த்தங்களுள் நீரும் ஒன்று. வேலூர்க் கோட்டையுள் அகழி சூழ எழுந்தருளிய பெருமானுக்குச் சலகண்டேசுவரர் என்பது திருநாமம்; நீரிடையே உறைபவர் என்பது அதன் கருத்து. நெடுங்காலம் மூலத்திருமேனி இன்றியிருந்த அத்திருக்கோயிலில், 1981-ஆம் ஆண்டு சிவலிங்கத் திருமேனி மீள எழுந்தருளுவிக்கப்பெற்றது. மேற்கே விரிஞ்சிபுரத்து மார்க்கபந்தீசுவரரும் பாலாற்றின் கரையிலேயே கோயில் கொண்டருளினார். இத்தகைய நாட்டில் நீர் கெடுதல், இறைவன் திருமேனியுள் ஒன்றற்கு நேர்ந்த குற்றமாகவே கருதற்பாலது.

இனிக் குட்டையை நோக்குவாம். அதன் நிறவேறுபாடு பெரும்பான்மை மூவகைப்படும். பச்சை நிறம் ஒன்று: வெயிலும், மீனின் கழிவும், உண்ணாது எஞ்சிய இரையும் உரமாகக் கூடியவிடத்துக் கண்ணுக்குத் தனித்தனியே தோன்றாத நுண்பாசி பெருகுதலால் வருவது. செம்மண் நிறம் ஒன்று: கரை சரிந்தும், மீன் அடிச்சேற்றைக் கிளறியும், மண்ணின் நுண்பொடி நீரில் மிதத்தலால் வருவது. தேயிலைச் சாறு போன்ற பழுப்பு நிறம் ஒன்று: உதிர்ந்த இலையும் பட்டையும் ஊறித் துவர்ப்பொருள் நீரிற் கலத்தலால் வருவது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிடுவாரிடத்துத் தொட்டியில் இறங்கும் சாறும் இத்துவரே ஆதலின், இந்நாட்டார்க்கு இது புதிதன்று.

காரணம் வேறாதலின் மருந்தும் வேறு. பச்சைக்கு இரையைக் குறைத்தலும், அல்லி தாமரைகளால் நிழல் செய்தலும் வேண்டும். செம்மண்ணுக்குக் கரையைக் கட்டிப் புல் வளர்த்தலும், பழுப்புக்கு இலையை அரித்தெடுத்தலும் கரியினூடே நீரை வடித்தலும் வேண்டும். நோயறியாது மருந்திடுவானை மருத்துவன் என்னாதது போல, மாசின் வேறுபாடு அறியாது நீரைத் தெளிவிக்கப் புகுவானையும் அறிந்தான் என்னோம். ஆணவம், கன்மம், மாயை என மலத்தை வகுத்து, ஒவ்வொன்றன் இயல்பும் தனித்தனி கூறியபின்னரே நீக்கும் வாயில் கூறியது நம் நூல்களின் முறையாதலும் இதுபற்றியே என்க.

அற்றேல், காரணம் ஆராய்ந்து காலம் போக்குவது எற்றுக்கு? ஒருநாளில் நீரைத் தெளிவிக்கும் மருந்துகள் கடையில் உளவன்றோ எனின், உள; அவற்றால் நீர் தெளியும், மீன் சாம். யாங்ஙனமெனின், மயில்துத்தம் இட்டால் நுண்பாசி ஒருங்கே மடியும். மடிந்த பாசி அழுகுங்கால் நீரிலுள்ள உயிர்வளியை உண்டுவிடும். விடியற்காலத்து மீன்கள் நீர்மேல் வந்து வாய்திறந்து தவித்து மடியும். அத்துத்தமே அளவு மிகின் மீனுக்கு நஞ்சுமாம். படிகாரம் மண்ணைத் திரட்டி அடியிற் படிவிக்கும்; ஆயின் அளவு மிகின் நீரைப் புளிப்பாக்கி மீனை வருத்தும். பழைய நீர் முழுவதையும் இறைத்துவிட்டுக் குளோரின் இட்ட குழாய்நீரை அப்பொழுதே நிரப்பினாலும் அக்கேடே விளையும். நீர் தெளிந்து உள்ளுறை உயிர் மாய்ந்தவிடத்து, அத்தெளிவு யாருக்கு ஆக்கம்?

ஆதலின் அறிந்தோர் சிறுகச் சிறுகவே மாற்றுவர். நாலில் ஒருபங்கு நீரை மாற்றிச் சின்னாள் பொறுப்பர். நீர் சற்றே பசுமையாயிருத்தலை உடனே ஒழிக்கக் கருதார். அப்பாசி பகலில் உயிர்வளி தருதலானும், மீன்குஞ்சுக்கு உணவும் மறைவும் ஆதலானும், ஓரளவு இருக்கவிட்டு அதன் மிகையையே தணிப்பர். ஈண்டுத் திரோதான சத்தியின் இயல்பை நினைக. அஃது அருளேயாயினும், மலத்தின் தொழிலை உடனே தடுத்தொழியாது, அதனோடு உடனின்று மறைத்தலைச் செய்வித்து, வினைப்போகங்களை ஊட்டி, மலம் பரிபாகமுறுங்காறும் உயிரைக் காத்து நிற்கும். பக்குவமுறாத உயிர்முன் பேரொளியைத் திடீரெனக் காட்டின் அவ்வுயிர் அதனைத் தாங்காது. மறைத்தலும் அருளே என்னும் நம் கொள்கையைச் சிலர் முரண் என இகழ்வர். மீன் வளர்ப்பான் ஒருவன் பசுமையைச் சிறிதே விட்டுவைக்கும் காரணத்தை உணரின், அவ்விகழ்ச்சி ஒழியும்.

இனிப் பாசியுவமையைக் கருதுவாம். பாசி படர்ந்த குட்டையிற் கல்லெறிந்தால் விழுந்தவிடத்துப் பாசி விலகும். சிறிது பொழுதில் மீளவும் கூடி மூடும். இறைவன் திருவடியை உணருங்காலத்து மலங்கள் அகன்று, அவ்வுணர்வு தளர்ந்தவிடத்து மீள அணுகும் என அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் இதனை எடுத்துக்காட்டினார். கல்லெறிதலால் பாசி விலகியது மெய். அதனை வளர்க்கும் உரம் விலகாமையின் அது மீண்டது. ஆதலின் இடையறா முயற்சி வேண்டும் என்பது அவ்வுவமையாற் பெறுதும். நாள்தோறும் இலை அரித்தல், இரை அளத்தல், கரை பேணல் என்னும் சிறு தொழில்கள், திருநீறும் திருவைந்தெழுத்தும் திருக்கோயில் வழிபாடும் போல, விட்டால் பயன்கெடும் தொழில்களே. ஒருநாள் பெருந்துப்புரவு செய்து பன்னாள் மறத்தல் கல்லெறிதலை ஒக்கும்.

இதுகாறும் கூறியன நிறத்தாற் புலப்படும் மாசுகள். இந்நாட்டிற் கொடியது நிறத்தாற் புலப்படாத மாசாம். தோலைக் கெடாது காத்தற்கு உப்பிடுவர். பதனிடுதற்கு முன் அதனை ஊறவைத்துக் கழுவுங்கால் அவ்வுப்பு நீரிற் கரைந்து கழியும். பட்டைத் துவருக்கு மாறாகக் குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவியபின், குரோமியமும் கழிவுநீரிற் கலந்தது. இவை நிலத்தில் இறங்கிக் கிணற்றில் ஊறின. 1996-ஆம் ஆண்டு ஆகத்து 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் ஆய்ந்தவாறு, தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் முற்றுமோ ஒருபுடையோ சாகுபடிக்குத் தகாததாயிற்று என்பது எடுத்துக்காட்டப்பட்டது.

அத்தகைய கிணற்றுநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து நோக்குக. அது பளிங்குபோல் தோன்றுதலும் உண்டு. தேற்றாங்கொட்டையை உரைத்தாலும், படிகாரம் இட்டாலும், ஏழு மடிப்புத் துணியில் வடித்தாலும், காய்ச்சினாலும், அதிற் கரைந்த உப்பு நீங்காது, காய்ச்சுந்தோறும் செறியும். அதனைக் குட்டையில் நிரப்பின், நிறம் தெளிந்தே இருக்கும். மீன் நலிவதும், கரையில் வெண்பொரி பூப்பதும், அந்நீர் பாய்ந்த செடியின் இலைநுனி கருகுவதுமே அதனைக் காட்டும். கரைந்த பொருளின் அளவைச் சோதனைச்சாலையில் அறிந்தன்றித் துணியலாகாது. குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டுமென்பதும், வேறு நீர் கிடையாவிடத்து 2,000 வரை பொறுக்கலாமென்பதும் இந்தியத் தரக் கட்டளை.

புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும், தான் இருள் என்பதையாவது காட்டும். ஆணவமோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இஃது உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் உணர்த்திய நுண்பொருள். சேறு புறவிருள் போன்றது. தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். கரைந்த உப்பு ஆணவம் போன்றது. தெளிவு என்னும் வேடத்தே மறைந்து நிற்கும். காமவெகுளிகளாற் கலங்கினான் தன் கலக்கத்தைத் தானும் அறிவான், பிறரும் அறிவர். அவை அடங்கி, நூல் பல கற்று, வேடமும் ஒழுக்கமும் பொலிய விளங்குவான் ஒருவனிடத்து, யான் தெளிந்தேன் என்னும் முனைப்பு கரைந்து நிற்குமாயின், அதனை அவனும் அறியான், அவனைக் கண்டாரும் அறியார். கற்றார் குழுவாகிய நமக்கே இவ்வச்சம் பெரிது. ஆதலின் தன் தெளிவைத் தன் கண்ணாற் கண்டு துணியாது, ஆசாரியனது அருள்நோக்கின் சோதனைக்கு ஒப்புவித்தல் வேண்டும் என்பது முறையாயிற்று.

அற்றேல், உப்பையும் குரோமியத்தையும் நீக்கும் வாயில் இல்லையோ எனின், உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய இடங்களிற் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. காரம் சேர்த்துக் குரோமியத்தைக் கசடாகப் படிவிப்பர். நுண்சவ்வினூடே அழுத்தி நல்ல நீரைப் பிரித்து, எஞ்சிய உவர்நீரை வற்றச்செய்து உப்பாக்குவர். நன்று, ஆயினும் உற்றுநோக்குக: குரோமியம் அழிந்ததா? இல்லை, கசடாயிற்று. உப்பு அழிந்ததா? இல்லை, குவியலாயிற்று. அவற்றைக் காவலின்றி விட்டவிடத்து வரும் கேடு சிறிதன்று. 2015-ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில், இராணிப்பேட்டையில் தோற்கழிவுக் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். நீரினின்று நீங்கிய மாசு, நீங்கியவிடத்து இருந்தே கொன்றது.

மலம் பொருளளவில் அழிவதன்று, அதன் சத்தியே மடங்குவது என்னும் சித்தாந்தத்தை இவ்விடத்து வைத்து நோக்குக. மலம் அழியாதாயின் முத்தி யாங்ஙனம் கூடும் என்பார்க்கு, ஞாயிற்றின்முன் இருள் போல, சிவஞானத்தின்முன் அது வலியிழந்து நிற்கும் என்பதே நம் விடை. அவ்வொளி நீங்காதவரையில் அஃது எழாது. ஆதலின் சீவன்முத்தரும் அடியார் கூட்டத்தையும், திருக்கோயில் வழிபாட்டையும் விடலாகாது என்றது சிவஞானபோதம் பன்னிரண்டாம் சூத்திரம். மாசு போயிற்று என்று காவலை விட்டவனே அழிகின்றான். உவமை ஒருபுடை ஒப்பே என்பதையும் மறவற்க: குட்டைநீரின் மாசு இடையில் வந்தது, ஆணவமோ செம்பிற் களிம்புபோல் அநாதியே உடனுள்ளது. வந்த மாசுக்கே இத்துணைக் காவல் வேண்டுமாயின், அநாதி மலத்துக்கு எத்துணை வேண்டும்!

ஒன்று எஞ்சியது. மாசு செய்தான் ஒருவன், அதன் பயனை நுகர்வான் வேறொருவன் என்பது வினைக்கொள்கைக்கு முரணன்றோ எனச் சிலர் வினவுவர். வினை சடம், செய்தானைத் தானே சென்று பற்றும் அறிவு அதற்கில்லை, அறிவுடைய முதல்வன் ஒருவன் கூட்டவே அது கூடும் என்பது நம் துணிபு. அதனால் உலகில் முறைசெய்வார் வேண்டா என்பது பெறப்படாது. ஆற்றிற் கலந்த நஞ்சு, கலந்தவன் வாயிலை நாடித் தானே மீண்டு செல்லுதல் இல்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் 1991-ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தபின்னரே, மாசு செய்தவனே அதன் கேட்டுக்கு ஈடு தரவேண்டும் என்னும் நெறி 1996-இல் இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிபெற்றது. 2025-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாளும் உச்சநீதிமன்றம் அவ்வீட்டையும் பாலாற்றின் மீட்சியையும் வலியுறுத்தி ஆணையிட நேர்ந்தமையால், அக்கடன் முற்றும் இறுக்கப்படாமை விளங்கும். சடமாகிய வினையைப் பயனொடு கூட்டும் இறைவனது நடுவுநிலையைப் போற்றுவார், அந்நடுவு உலகில் நிகழ முயல்வாரை அயலாராகக் கருதலாகாது.

ஆகவே அன்பர்களே, புழைக்கடைக் குட்டையைத் தெளிவிப்பார் மாசின் காரணத்தை முன்னர் ஆராய்க. உயிர்க்கு ஊறின்றிச் சிறுகச் சிறுக நீக்குக. தெளிவு கண்டு மயங்காது நீரைச் சோதிக்க. நீக்கிய மாசைப் பிறர் வாய்க்காலில் இடாதொழிக. திருக்குளங்களைப் பேணும் திருமடங்களும் திருக்கோயில்களும் இந்நான்கையும் மேற்கொள்ளுமாயின், நாட்டார்க்கு அவை வழிகாட்டியாம். இந்நான்கும் உயிர்மாசு நீக்கத்துக்கும் ஒக்கும். நீரிடை உறையும் பெருமான் திருவருளால் பாலாறும் தெளிக. அதன் கரையில் வாழ்வார் உள்ளமும் தெளிக.

திருச்சிற்றம்பலம்