பிடிபடாத பழியும் குறையாத மானமும்

பங்கு இல்லத்தின் கணினியைச் சீர்செய்ய வந்த இளைஞர் ஒருவர், வேலை முடிந்தபின் பழைய விளையாட்டு ஒன்றை அதில் இயக்கிக் காட்டினார். 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்வோர்ட் ஆஃப் தி சாமுராய்' அது. வடிவமைத்தவர் லாரன்ஸ் ஷிக். இன்றைய விளையாட்டுகளின் பகட்டு எதுவும் அதில் இல்லை. ஆயினும் அன்று மாலை நெடுநேரம் அதன் முன் அமர்ந்திருந்தோம். எழுந்தபோது மனத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

களம் பதினாறாம் நூற்றாண்டின் ஜப்பான். குறுநில மன்னர்கள் ஒருவரோடு ஒருவர் ஓயாது போரிட்ட காலம். நாம் ஒரு சிறிய சாமுராய். நிலம் பெருக்க வேண்டும். படை திரட்ட வேண்டும். தலைவரின் நன்மதிப்பைப் பெறவேண்டும். போர்க்களத்தில் அணிவகுப்பைத் திட்டமிடும் பொறுமையும், தனிச்சண்டையில் வாள் வீசும் விரைவும் ஒருங்கே தேவை. படிப்படியாக உயர்ந்து நாடு முழுவதையும் ஆளும் ஷோகன் ஆவதே இலக்கு. நிலத்துக்கும் வாள் திறனுக்கும் படை நடத்தும் ஆற்றலுக்கும் அளவு உண்டு. அவற்றோடு மானத்துக்கும் ஓர் அளவு உண்டு. கொள்ளையரை அடக்கினால் அது உயரும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. போட்டியாளனை நேர்நின்று வெல்ல இயலாதபோது, இரவில் வேடமிட்டு அவன் மாளிகைக்குள் நுழைந்து கொன்றுவிடலாம். அவன் குடும்பத்தாரைக் கடத்தலாம். பிடிபட்டால் மானம் போகும். வயிற்றைக் கிழித்து உயிர்விடும் செப்புக்கு சடங்கே அதற்குக் கழுவாய் ஆகலாம். மகன் இருந்தால் அவன் குடும்பத்தின் பெயரைத் தொடர்வான். பிடிபடாவிட்டால்? மானத்தின் அளவு அப்படியே நிற்கிறது. நாம் வியந்து கேட்டபோது இளைஞர் சிரித்தார்: "பிடிபடவில்லையே சாமி! பிறகு மானம் எப்படிக் குறையும்?"

அவருடைய தர்க்கத்தில் பிழை காண இயலவில்லை. மானம் அதை அளிப்பவரிடம் இருக்கிறதேயன்றிப் பெறுபவரிடம் இல்லை என்று அரிஸ்டாட்டில் சுட்டிக்காட்டினார். அதனால்தான் அதனை மனித வாழ்வின் இறுதி நன்மையாக அவர் ஏற்கவில்லை. அவருக்கு முன்பே பிளேட்டோவின் 'குடியரசு' நூல், அணிந்தவரை மறைக்கும் மோதிரம் ஒன்றின் கதையைச் சொல்லிற்று. கைகெஸின் மோதிரம் என அதனை அழைப்பர். யார் கண்ணுக்கும் தெரியாதவன் எதற்காக நீதிமானாக இருக்கவேண்டும் என்பதே அக்கதை எழுப்பும் கேள்வி. இவ்விளையாட்டு அந்த மோதிரத்தை நம் விரலில் மாட்டிவிடுகிறது.

'பழி பாவம்' என்று நாம் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவை ஒன்றல்ல. பழி பிறர் வாயில் பிறக்கிறது. பாவத்துக்குச் சாட்சி தேவையில்லை. பழிக்கு அஞ்சுவது நாணம். பாவத்துக்கு அஞ்சுவது மனச்சான்று. நாணத்தை இழிவாகக் கருதவும் கூடாது. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் எத்தனையோ கைகளைத் தீமையிலிருந்து தடுத்திருக்கிறது. ஆனால் விளக்கு அணைந்ததும் அக்காவல் ஓய்ந்துவிடுகிறது.

விளையாட்டை அமைத்தவர்கள் வரலாற்றுக்கு மாறாக எதையும் செய்துவிடவில்லை. 1582-இல் அக்கேச்சி மிட்சுஹிதே, தம் தலைவர் ஓதா நொபுநாகாவைக் கியோத்தோவின் ஹொன்னோஜி ஆலயத்தில் வளைத்துத் தாக்கினார். 1600-இல் செக்கிகஹாராப் போரின் நடுவே கொபயாகாவா ஹிதேயாக்கி அணி மாறினார். அப்போரில் வென்ற தொக்குகாவா இயேயாசு 1603-இல் ஷோகன் ஆனார். சாமுராய்களின் அறத்தைப் போற்றும் நூல்களுள் பல, அதன்பின் வந்த நீண்ட அமைதிக் காலத்தில் எழுதப்பட்டவை.

அதே காலத்தில் வேறொரு சாமுராயும் வாழ்ந்தார். தக்கயாமா உக்கோன் அகாஷிப் பகுதியின் தலைவர். திருமுழுக்கில் யுஸ்தோ என்று பெயர் பெற்றவர். 1587-இல் ஹிதேயோஷி கிறிஸ்தவத்துக்கு எதிராகத் திரும்பியபோது, நம்பிக்கையைக் கைவிட அவர் மறுத்தார். ஆட்சிப் பகுதியை இழந்தார். 1614-இல் நாடு கடத்தப்பட்டு, 1615-இல் மணிலாவில் இறந்தார். 2017-இல் ஒசாக்காவில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். தம் பதவியைக் காத்துக்கொள்ள, வெளியே பணிந்து உள்ளே நம்பியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. அந்த விளையாட்டின் கணக்குப்படி அவர் தோற்றவர்: நிலம் இல்லை, படை இல்லை, தலைவரின் நன்மதிப்பு இல்லை.

இப்படி எழுதுவது எளிது. அன்று மாலை நாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்லவேண்டும். போட்டியாளன் ஒருவன் நம்மை முந்தியபோது, இரவில் அவன் மாளிகைக்குள் நுழைந்தோம். யாரும் பார்க்கவில்லை. நமக்கு வந்தது வெட்கமன்று, நிம்மதி. 'வெறும் விளையாட்டுத்தானே' என்று சொல்லி நகரலாம். ஆனால் அந்த நிம்மதி நமக்குப் புதிதாக இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஆலயக் கட்டட நிதிக் கணக்கில் ஒரு தொகை இடித்தது. ஐயம் உபதேசியார்மேல் விழுந்தது. சில வாரங்கள் கழித்து, அத்தொகைக்கான பற்றுச்சீட்டு நம்முடைய செபப் புத்தகத்துக்குள்ளேயே கிடைத்தது. வைத்து மறந்தவர் நாமே. உபதேசியாரைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை சாமி" என்றார். கணக்கைச் சரிசெய்து மூடினோம். ஆனால் மக்கள் முன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாமியார்மேல் மதிப்புக் குறைந்தால் ஆலயப் பணி தடைபடும் என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டோம். நம் மானத்தின் அளவு குறையவில்லை. அவருடையது குறைந்தது; அதை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தனியே கேட்ட மன்னிப்பு அவர் மனத்தை ஆற்றியிருக்கலாம். ஊரார் முன் எடுக்கப்பட்ட நற்பெயரை ஊரார் முன்னன்றோ திருப்பித் தரவேண்டும்? திருடிய பொருளைத் திருப்பித் தருவது கடமை என்று மக்களுக்குப் போதிக்கும் நாம், நற்பெயரும் ஒரு பொருளே என்பதை வசதியாக மறந்திருந்தோம்.

உபதேசியார் இன்று இல்லை. அவருடைய பிள்ளைகள் அதே ஊரில் வாழ்கிறார்கள். அப்பங்கின் இப்போதைய குருவிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். வரும் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் அங்கே சில நிமிடங்கள் பேசவிருக்கிறோம்.