31 பைட் கூடிப்போன பெயர்

அப்பாவின் மடிக்கணினி யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியின் பயணப்பெட்டியில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது, அப்பா போய் ஒரு வருடமாகியிருந்தது. அதற்குள் 212 ஒலிக்கோப்புகள். தன் தாயாரையும் ஊர்ச்சனத்தையும் பேசவைத்துக் கசெட்டுகளில் பதிந்தவற்றைப் பின்னாளில் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றியிருந்தார். அவருக்குக் குறிப்பேடு வைக்கும் பழக்கம் இல்லை. சொல்லவேண்டியதையெல்லாம் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுவார். ஒன்று இப்படி: ‘அம்மா சின்ன வயதில் வேலணைக் கடலில் பார்த்த தோணி பற்றிச் சொன்னது’.

எங்கள் வீட்டுச் சேமிப்புப் பெட்டியில் பூட்டிய கோப்புறை ஒன்று உண்டு. அதற்குள் இவற்றைப் போட்டபோது 38 கோப்புகளைப் பெட்டி ஏற்க மறுத்தது. பெயர் நீளமாம்.

அப்பாவின் விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள்வரை அனுமதித்திருந்தது. பெட்டிக்குள் இருப்பது லினக்ஸ். அங்கேயும் 255தான், ஆனால் அது எண்ணுவது பைட்டுகளை. பெயரின் நீளத்தைக் குறித்துவைக்க ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பைட்டில் 255க்கு மேல் எண்ண முடியாது. கோப்புறையைப் பூட்டினால் பெயரும் மறைகுறியாகி உப்பிவிடும். அதற்கு இடம்விட்டால் நமக்கு மிஞ்சுவது 143.

ஒரு மாலை உட்கார்ந்து அந்தத் தோணிப் பெயரை எண்ணினேன். தமிழ்க் கண்ணுக்கு 32 எழுத்துகள். யூனிகோடுக்கு 54 குறியீடுகள். நம் இலக்கணத்தில் ‘க்’ என்பதே மெய். அதோடு அகரம் சேர்ந்தால் ‘க’. யூனிகோடில் இது தலைகீழ்: ‘க’ ஒரு குறியீடு, புள்ளி வைத்தால் இரண்டு. இந்திய மொழிகளுக்காக 1988இல் வந்த இஸ்கி அமைப்பிலிருந்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதன்மேல் யூடிஎப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், கிரேக்க, ரஷ்ய, அரபு எழுத்துகளுக்கு இரண்டு, தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று. சீனத்துக்கும் மூன்றுதான், ஆனால் அங்கே ஓர் எழுத்தே பலவேளை ஒரு சொல்லாகிவிடும். ஆக 162. இடைவெளிகள் எட்டு, கடைசியில் வரும் ‘.எம்பி3’க்கு நான்கு. மொத்தம் 174. முப்பத்தொன்று கூட.

இதில் யாரைக் கோபிப்பது? யூடிஎப்-8ஐ 1992இல் நியூ ஜேர்சியின் ஓர் உணவகத்தில் வைத்து வகுத்தவர்கள் கென் தொம்ப்சனும் ரொப் பைக்கும். ஏற்கெனவே உலகெங்கும் ஆங்கிலத்தில் கிடந்த கோப்புகள் பழுதாகாமல் எல்லா மொழிக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் கவலை. நல்ல கவலைதான். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை நீங்கள் திரையில் படிப்பது இவ்வளவு சுலபமாக இருந்திராது. 143 என்பதும் எல்லோருக்கும் ஒரே எண். கொக்கை விருந்துக்கு அழைத்துத் தட்டையான தட்டில் கஞ்சி ஊற்றிய நரிக்குத் தான் செய்வது தெரிந்திருந்தது. இங்கே நரியே இல்லை. தட்டு மட்டும் இருக்கிறது. தீங்கு நினைத்தவர் இல்லாத இடத்தில் அநீதி இருக்க முடியுமா என்று பல நாள் யோசித்தேன். இருக்க முடியும் என்றே இப்போது நினைக்கிறேன். தட்டைச் செய்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கொக்கு பசியோடு நிற்பதைக் கண்டபிறகும் ‘எல்லோருக்கும் அதே தட்டுத்தானே’ என்பவருக்குத் தெரியும்.

அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். கனடாவில் என் முதல் வேலையில் அடையாள அட்டை தந்தார்கள். குடும்பப்பெயராக இருந்த அப்பாவின் பெயர் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. தந்த பெண் “சரிதானே?” என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அதன் படத்தைப் பார்த்த அப்பா தொலைபேசியில் சிரித்தார். “என்னைப் பாதியில விட்டிட்டியே, தம்பி.” அவ்வளவுதான். பிறகு எத்தனையோ படிவங்களில் அந்தப் பாதியையே நானாக எழுதிக்கொடுத்தேன், யாரும் கேட்காமலே.

இந்தப் பெட்டி அப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அது வெட்டவில்லை. முடியாது என்று சொல்லி நின்றுவிட்டது.

பூட்டை எடுத்துவிட்டால் 255 பைட் கிடைக்கும், 38இல் பெரும்பாலானவை அடங்கிவிடும். ஆனால் அந்தக் குரல்களில் 1995 இடப்பெயர்வில் யார் யாரோடு போனார்கள், யார் வீட்டில் யார் ஒளித்திருந்தார்கள் என்றெல்லாம் இருக்கிறது. சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். முழுப்பெயரா, பூட்டா? அலுவலக நண்பர் மூன்றாவது வழி சொன்னார்: 001, 002 என்று இலக்கமிட்டு, பெயர்களைத் தனிப்பட்டியலாக வை. பட்டியல் தொலைந்தால் 212 இலக்கங்கள் மிஞ்சும். மனம் வரவில்லை.

பூட்டு இருக்கட்டும், ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு நானே சுருக்குகிறேன் என்று தீர்மானித்தேன். தோணியில் தொடங்கினேன். மகள் பக்கத்தில் இருந்தாள். ‘சின்ன வயதில்’ போனால் காலம் போகும். ‘வேலணைக் கடலில்’ போனால் இடம் போகும். ‘அம்மா’வையும் ‘சொன்னது’ என்பதையும் எடுத்தால் கணக்குச் சரிவரும்.

“அம்மாவை எடுப்பம்,” என்றேன். “குரலைக் கேட்டாலே ஆரெண்டு தெரியும்தானே.”

“உங்களுக்குத் தெரியும், அப்பா,” என்றாள். “நான் அவவைக் கண்டதே இல்லை.”

அந்தக் கோப்பு இன்னும் மேசைக் கணினியில், முழுப்பெயரோடு, பூட்டில்லாமல் கிடக்கிறது. அன்றிரவு அதை முழுவதும் போட்டுக் கேட்டோம். பதினொரு நிமிடம். தோணி கடைசி இரண்டு நிமிடத்தில்தான் வருகிறது.