ஆணிமாண்டவ்யரும் ஒரு புனே வழக்கும்

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் புனேயில் சில நாட்கள் தங்க நேர்ந்தது. ஒரு நாள் மாலைச் சொற்பொழிவு முடிந்து அன்பர்கள் கலைந்துகொண்டிருந்தபோது, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வுபெற்ற தமிழன்பர் ஒருவர் அருகில் வந்தார். அன்றைய பேச்சைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று எண்ணினேன். அவரோ சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த நாளிதழ்த் துண்டை எடுத்து நீட்டினார்.

"சுவாமி, இந்தக் கொலைகள் நடந்தபோது நான் இதே ஊரில் இருந்தவன். எங்கள் வீட்டுப் பெண்கள் பல இரவுகள் உறங்கவில்லை. இவனைத் தூக்கில் போட்டால்தான் நியாயம் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது விடுதலை செய்துவிட்டார்கள். அன்று நடந்தது நீதியா, இன்று நடந்தது நீதியா?"

அன்று என்னால் அவருக்கு முழுமையான விடை கூற இயலவில்லை. அந்த வழக்கைப் பற்றிப் பின்னர் படித்தும் சிந்தித்தும் தெளிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

1994-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் நாள். புனேயின் பௌட் சாலைப் பகுதியில் ராத்தி என்னும் குடும்பத்தினர் வசித்த வீட்டில் ஏழு பேர் கொல்லப்பட்டுக் கிடந்தனர். ஐவர் பெண்கள், அவர்களுள் ஒருவர் கருவுற்றிருந்தவர். மற்ற இருவர் குழந்தைகள். கொள்ளையே நோக்கம் என்று காவல்துறை கூறியது. ராஜஸ்தானத்திலிருந்து பிழைப்புக்காக வந்த மூவர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் ராஜு என்பவர் அப்ரூவராக மாறினார். அதாவது, உண்மையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானார். நாராயண் சேத்தன்ராம் சௌத்ரி, ஜிதேந்திர நைன்சிங் கெலோட் ஆகிய இருவருக்கும் 1998-இல் புனே அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் 1999-இல் அதனை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் உறுதி செய்தது. மறுஆய்வு மனுவும் அவ்வாண்டே தள்ளுபடியாயிற்று.

இதில் எந்தப் படியும் விடுபடவில்லை. மூன்று நீதிமன்றங்கள், வழக்கறிஞர்கள், குறுக்கு விசாரணை, மேல்முறையீடு எல்லாம் இருந்தன. கும்பல் ஒன்று கூடி யாரையும் தண்டித்துவிடவில்லை. இதனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனெனில், நியாயமற்ற விசாரணை என்றவுடன் லஞ்சம் வாங்கிய நீதிபதியையும் பொய்ச் சாட்சியையும்தான் நம் மனம் தேடுகிறது. இந்த வழக்கில் நம்மைத் துன்புறுத்துவது வேறொன்று.

பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, நாராயண் தாம் குற்றம் நிகழ்ந்தபோது சிறுவன் என்று உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை விசாரித்து அறிக்கை தருமாறு புனே முதன்மை மாவட்ட நீதிபதிக்கு ஆணையிட்டது. ராஜஸ்தானத்தில் ஜலாப்சர் என்னும் கிராமத்துப் பள்ளியின் பதிவேடு முக்கியச் சான்றாயிற்று. அதில் இருந்த பெயர் நாராயண் அன்று, நிரானாராம். பிறந்த நாள் 1982 பிப்ரவரி 1. நிரானாராமும் நாராயணும் ஒருவர்தாமா என்பதே வாதத்தின் மையமாக இருந்தது. ஒருவரே என்று விசாரணை நீதிபதி கண்டார். அப்பதிவு குற்றத்திற்கு முன்பே எழுதப்பட்டது. பின்னால் வழக்குக்காகத் தயாரிக்கப்பட்டதன்று. 2023 மார்ச் 27-ஆம் நாள் நீதிபதிகள் கே.எம். ஜோசப், அனிருத்த போஸ், ரிஷிகேஷ் ராய் ஆகியோர் அதனை ஏற்றனர். குற்றம் நிகழ்ந்த நாளில் அவருக்கு வயது பன்னிரண்டரை. மறுநாள் அவர் நாகபுரி மத்தியச் சிறையிலிருந்து வெளியே வந்தார். கைதான நாளிலிருந்து எண்ணினால் இருபத்தெட்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட 1998 பிப்ரவரியில் அவருக்குப் பதினாறு வயது நிறைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தபோது பதினெட்டு. நீதிமன்ற ஏடுகளிலோ குற்றவாளிகள் இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர்களாகவே இருந்தனர். அந்த இளமைகூடத் தண்டனையைக் குறைக்கப் போதுமான காரணமன்று என்றே அன்று முடிவாயிற்று.

இது பிற்காலச் சட்டத்தின் கருணையால் விளைந்த விடுதலை என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. 1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. பதினாறு வயது நிரம்பாத சிறுவனுக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது; அவனை வழக்கமான குற்றவியல் நீதிமன்றத்தில் விசாரிக்கவும் கூடாது என்பதே அச்சட்டம். 2000-ஆம் ஆண்டின் சட்டம் வயது வரம்பைப் பதினெட்டாக உயர்த்தியது. 2006-இல் வந்த திருத்தம், வழக்கு இறுதியாக முடிந்த பின்னரும் எந்த நீதிமன்றத்திலும் இந்த உரிமையைக் கோரலாம் என்றது. ஆகவே பிற்காலச் சட்டம் கதவைத் திறக்க வழி செய்தது. உரிமை முதல் நாளிலிருந்தே இருந்தது. அச்சிறுவன் நிற்கவே கூடாத நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டிருந்தான்.

இங்கு ஒரு நேர்மையான தடை எழும். "அவன் ஏன் சொல்லவில்லை?" அன்பரும் இதைத்தான் கேட்டார். நம் தர்ம சாஸ்திரங்கள் வழக்கை நான்கு பாதங்களாகப் பிரிக்கின்றன: முறையீடு, மறுமொழி, சான்று, முடிவு. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் இதனைக் காணலாம். இவற்றில் இரண்டாவதான மறுமொழியே பிரதிவாதிக்கு உரிய பாதம். அது ஊனமானால் மற்ற மூன்றும் எவ்வளவு உறுதியாக இருப்பினும் வழக்கு நொண்டுகிறது. மறுமொழி என்பது வாயைத் திறந்து பேசுவது மட்டுமா? எது தனக்குக் காப்பு என்று அறிந்து, அதை எடுத்துரைக்கும் ஆற்றலும் அதில் அடங்கியிருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குத் தன் வயதே தனக்குக் காப்பு என்பது எப்படித் தெரியும்? தெரியாது என்பதால்தான் சட்டம் அவனுக்குத் தனி இடம் வகுத்தது. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவனுக்காக ஏற்பட்ட காப்பை, அவனே கேட்டுப் பெற்றால்தான் தருவோம் என்பது, நீந்தத் தெரியாதவனிடம் கரைக்கு வந்து கயிற்றை வாங்கிக்கொள் என்பதைப் போன்றது.

சரி, அவன் சொல்லவில்லை, பிறர் கேட்டிருக்கலாமே? காவல் நிலையத்தில் வயது என்னும் கட்டத்தில் ஓர் எண் எழுதப்படுகிறது. அந்த எண் குற்றப்பத்திரிகைக்கு வருகிறது; அங்கிருந்து தீர்ப்புக்கு வருகிறது; தீர்ப்பிலிருந்து அடுத்த தீர்ப்புக்கு. ஒவ்வொரு படியிலும் அது உறுதிப்பட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் எங்குமே சோதிக்கப்படவில்லை. மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள எனக்கு இந்தக் குற்றம் நன்கு பழக்கமானது. முதல் பதிப்பில் நேர்ந்த பிழை, பத்துப் பதிப்புகள் வந்தபின் பாட பேதமாகவே மதிக்கப்படும்! ஆனால் அங்கே சிதைவது ஒரு சொல். இங்கே ஒரு மனிதன்.

இன்றைய சட்டம் இதில் தெளிவான வரிசையைத் தருகிறது. பள்ளிச் சான்று முதலில். அது இல்லையெனில் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதே எலும்புச் சோதனை போன்ற மருத்துவ வழிகள். தோற்றத்தைப் பார்த்து எழுதப்படும் எண்ணுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

இனி, மகாபாரதத்திற்கு வருவோம். ஆதிபர்வத்தில் மாண்டவ்யர் என்னும் முனிவரின் வரலாறு வருகிறது. அவர் மௌன விரதத்தில் இருந்தபோது கள்வர்கள் களவுப் பொருளுடன் ஆசிரமத்தில் ஒளிந்தனர். துரத்தி வந்த காவலர் கேட்ட கேள்விக்கு அவர் விடை கூறவில்லை. பொருள் அங்கே கிடைத்தது, கள்வரும் கிடைத்தனர். மன்னன் எல்லோரையும் கழுவேற்ற ஆணையிட்டான். மௌனத்தைக் குற்றத்தின் ஒப்புதலாகக் கொண்டது அந்த விசாரணை. பின்னர் உண்மை அறிந்து மன்னன் வந்து மன்னிப்புக் கேட்டான். கழுமரத்தை உடலிலிருந்து உருவ முடியாமல் அறுத்தெடுத்தனர். முனை உள்ளேயே தங்கிற்று. அதனால் அவர் ஆணிமாண்டவ்யர் ஆனார்.

பலரும் கதையை இத்துடன் நிறுத்திவிடுகிறோம். இதன் பிற்பகுதியே நமக்கு வேண்டியது. முனிவர் தர்ம தேவதையிடம் சென்று, "எந்தப் பாவத்திற்காக எனக்கு இது?" என்று கேட்டார். சிறுவயதில் ஒரு பூச்சியைப் புல்லால் குத்தியதற்கான பலன் என்றது தர்மம். அறியாப் பருவத்துச் செயலுக்கு இத்தண்டனையா என்று வெகுண்ட முனிவர், தர்மத்தையே மண்ணில் பிறக்குமாறு சபித்தார். அவ்வாறு பிறந்தவரே விதுரர். அதோடு முனிவர் ஓர் எல்லையும் வகுத்தார்: பதினான்கு வயது வரை செய்பவை பாவமாகக் கொள்ளப்படா.

மன்னன் செய்தது விசாரணைப் பிழை. தர்மம் செய்தது அப்படிப்பட்டதன்று. செயல் நடந்தது உண்மை, கர்த்தாவும் அவரே. ஆயினும் செய்தவரின் பருவத்தைக் கருதாததால் தர்மமும் குற்றவாளி ஆயிற்று. நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவரை நிரபராதி என்று கூறவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. கொலைகளைப் பற்றிய பழைய சாட்சியங்களை 2023-இல் மீண்டும் எடைபோடவில்லை. வயதைப் பற்றிய கேள்வியை மட்டுமே தீர்த்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் இத்தனை கொடூரம் செய்ய இயலுமா என்னும் ஐயம் நீதிபதிகளுக்கும் எழுந்தது; அது தங்களை அதிர வைக்கிறது என்றும், ஆயினும் அத்தகைய ஊகம் தீர்ப்பை மறைக்கக் கூடாது என்றும் கூறினர்.

எனக்கு அந்த ஐயம் இன்னும் ஒரு படி பின்னோக்கிச் செல்கிறது. சிறுவன் இதைச் செய்திருக்க முடியுமா என்னும் கேள்வி 1998-இலேயே எழுந்திருந்தால், மன்னிப்புப் பெற்ற ஒருவரின் வாக்கைக் கேட்ட காதுகள் இன்னும் சற்றுக் கூர்மையாகக் கேட்டிருக்குமா? மூவரில் யார் தூண்டியவர், யார் பின்தொடர்ந்தவர் என்பது வேறு விதமாகத் தெரிந்திருக்குமா? கூட்டாளியின் சாட்சியத்தை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வயதை அறியாத விசாரணை, தண்டனையில் மட்டும் தவறியது என்று பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. ஆளை அறியாமல் அவன் செயலை எப்படி முழுமையாக அறிவது? சட்டப்படி நடந்த விசாரணைதான்; நியாயமான விசாரணை என்று கூற என் மனம் ஒப்பவில்லை.

இது ஒற்றை நிகழ்வும் அன்று. அஸ்ஸாமில் 1992-இல் ஒரு குடும்பத்தில் நால்வரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ராம்தேவ் சௌகான் வழக்கில், வயது பற்றிய ஐயம் காரணமாக 2001-இல் மறுஆய்வு நீதிபதிகள் மூவரே இருவர், ஒருவர் என்று பிரிந்தனர். மகாராஷ்டிரத்தில் 2003-இல் ஐவர் கொலையுண்ட வழக்கில் 2009-இல் ஆறு பேருக்கு உச்ச நீதிமன்றம் மரண தண்டனை அளித்தது. அவர்களுள் ஒருவர் அப்போது சிறுவன் என்பது பின்னர்த் தெரிந்தது. 2019 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. எரவாடா சிறையில் 2012-இலும் நாகபுரிச் சிறையில் 2015-இலும் தூக்குத் தண்டனைகள் நிறைவேறின. அவை வேறு வழக்குகள். எனினும், கயிறும் மேடையும் அங்கே வெறும் காட்சிப் பொருளாக இருக்கவில்லை.

அன்பரோடு இருந்த மற்றொருவர் குறுக்கிட்டு, "எல்லாம் அவனவன் கர்மம், சுவாமி" என்றார். நம் அன்பர்களிடையே அடிக்கடி கேட்கும் சொல் இது. எனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள நான் கர்மத்தை நினைக்கலாம், அது வைராக்கியம். பிறனுக்கு நாம் இழைத்த பிழைக்கு அவன் கர்மத்தைக் காரணம் காட்டினால் அதற்குப் பெயர் வைராக்கியம் அன்று. மாண்டவ்யர் தம் முன்வினையைக் கேட்டறிந்த பின்னரும் தலைகுனிந்து திரும்பிவிடவில்லை என்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

மற்றொருவரான ஜிதேந்திரரின் தண்டனையைக் குடியரசுத் தலைவர் 2016-இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். நாராயண் சிறைக்குள்ளேயே படித்துத் தேர்வுகள் எழுதி முதுகலைப் பட்டம் வரை பெற்றார். சட்டம் அதிகபட்சமாக அனுமதித்த காலம் மூன்றாண்டுகள். அதுவும் சிறப்பு இல்லத்தில். எஞ்சிய இருபத்தைந்து ஆண்டுகளை யார் திருப்பித் தருவது என்று கேட்பது எளிது. அதே மூச்சில் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வியை அன்பரே கேட்டார்.

"அந்த ராத்தி வீட்டில் உயிரோடு மிஞ்சியவர்களுக்கு நாம் என்ன சொல்வது, சுவாமி? முப்பது வருஷமாக ஒரு முகத்தைக் காட்டி இவன்தான் என்றோம். இப்போது அது குழந்தை முகம் என்கிறோம்."

அவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே. சரியான கேள்வி 1994-இல் கேட்கப்பட்டிருந்தால் அவர்களுக்கும் முழு உண்மை அன்றே கிடைத்திருக்கும். ஆறாத புண்ணை 2023-இல் மீண்டும் கீறவேண்டி வந்திராது. இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், நாளிதழ்த் துண்டை மறுபடியும் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆறுதல் பெற்றதாக அவர் முகம் காட்டவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று சொல்லி விடைபெற்றார்.