நூலகரின் நடுநிலை

புதுச்சேரியில் பாரதி பூங்காவுக்கு அருகேயுள்ள பொது நூலகம் 1827ஆம் ஆண்டில், தெபசேன் தெ ரிஷ்மோன் கவர்னராயிருந்த காலத்தில் தோன்றியது. முதலில் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாயிருந்து, பின்னரே சகல ஜனங்களுக்கும் கதவைத் திறந்த அந்நிலையம், 1966இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலானின் நூற்றாண்டை ஒட்டி அவர் பெயரைப் பெற்றது. காந்தியடிகளையும் பரமஹம்சரையும் விவேகானந்தரையும் பற்றி நூல் எழுதியவர் என்பதால் அப்பெயர் நம்மவர்க்கு உவப்பாயிற்று. ஆனால் 1914இல் மகாயுத்தம் மூண்டபோது, இரு தரப்பின் துவேஷத்தையும் கண்டித்து எழுதியமைக்காகத் தம் தேசத்தாராலேயே துரோகியென்று ஏசப்பட்டவர் அவர் என்பதை எண்ணும்போதுதான், ஒரு நூலகத்துக்கு அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

அந்நாளில் பிரான்சில் ஒரு நூலகர், பெரும்பான்மையோர் நஞ்சென்று கருதிய அக்கட்டுரைகளை அலமாரியினின்றும் அகற்றியிருப்பாரானால், அது ஜனநாயகத்துக்கு இசைந்த செயலாகுமா? பெரும்பான்மையின் விருப்பமே ஜனநாயகம் என்போர் ஆகும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆயினும், பெரும்பான்மை தன் மனத்தை மாற்றிக்கொள்வதற்கும் உரிமையுடையது. அதற்கு, அது வெறுத்த சொற்கள் எங்கேனும் ஓரிடத்தில் பத்திரமாயிருத்தல் வேண்டும். பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் தடையின்றி அச்சாயிற்று; எல்லையைக் கடந்து பிரிட்டிஷ் ராஜ்யத்துக்குள் நுழைந்ததும் அதே தாள் தடைக்குரியதாயிற்று. எது தீங்கென்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை நூலகரிடம் ஒப்புவிக்கத் தயங்குவதற்கு இவ்வொரு சான்றே போதும்.

இவையெல்லாம் அபிப்பிராயங்களைப் பற்றியவை. அம்மைத் தடுப்பு ஊசியைப் பற்றியோ வாக்குப்பதிவு நாளைப் பற்றியோ பரவும் கட்டுக்கதை அபிப்பிராயமன்று. உண்மை நிகழ்ச்சிக்கு மாறான கூற்று. அதை நம்பி ஒருவர் வந்து நிற்கையில், கேட்டதை எடுத்துக் கொடுப்பதோடு தம் கடமை தீர்ந்ததென்று நூலகர் அமைவது நடுநிலையா, சோம்பலா? சோம்பலென்றே சொல்லத் தோன்றுகிறது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் நூலின் மெய்ம்மையைச் சோதிக்கச் சொல்லும் விதி ஒன்றுமில்லை. எனினும் வாசகரின் காலம் வீணாகலாகாது என்று அவர் விதித்திருக்கிறார். பொய்யை நம்பி அலைபவரின் காலமும் அக்கணக்கில் சேர வேண்டியதே அன்றோ!

ஆகவே மறைப்பதும் பிழை, வாளாவிருப்பதும் பிழை. எழுதியவர் யார், அச்சிட்டவர் யார், எந்த ஆண்டு, எதை ஆதாரமாகக் கொண்டு என்று வினவும் பழக்கத்தை வாசகருக்கு ஊட்டி, மாறான சான்றையும் அருகில் எடுத்துவைத்து, முடிவை அவரிடமே விட்டு விலகி நிற்பதுதான் நூலகருக்கு உரிய கர்த்தவ்யம். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. எதை அருகில் வைப்பது என்று தேர்ந்தெடுப்பதுமே ஒருவகைத் தீர்ப்பு. தேர்ந்தெடுப்பவரோ பெரும்பாலும் அரசாங்கச் சம்பளம் பெறுபவர். எதிர்க்கட்சியாரின் துண்டுப் பிரசுரத்தின் பக்கத்தில் மறுப்பைத் தேடி வைக்க எவருக்கும் துணிவு வேண்டியதில்லை. சம்பளம் தரும் சர்க்காரின் அறிக்கையிலேயே ஒரு புள்ளிவிவரம் பிசகியிருந்து, அதைச் சரிபார்க்க விரும்பும் ஒருவர் மூல ஆவணத்தைக் கேட்கும்போது, முகங்கோணாமல் அதையும் எடுத்துக் கொடுப்பவரிடமே அந்தத் தேர்வை நம்பி ஒப்படைக்கலாம்.