சரக்கு நல்லது, விற்கும் முறை தவறு



ஒரு கம்பெனியின் நடத்தை முறைகேடானது என்று தெரிந்த பிறகும் அதனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாமா? கெட்டுப்போன சரக்கென்றால் யோசனைக்கே இடமில்லை, திருப்பி அனுப்பிவிடுவோம். சரக்கு நல்லது, விற்கும் முறைதான் தவறு என்றால் என்ன செய்வது? வியாபாரிகளாகிய நாம் இதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

1939-ம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சீனி சேர்த்த டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்ற ஆகாரமென்று சொல்லி விற்பதை அவர் கடுமையாகக் கண்டித்தார். டின் பால் தேத்தண்ணீருக்கு நல்ல சரக்குதான். பச்சைக் குழந்தைக்கு அதுவே போதுமென்று தாயை நம்ப வைத்ததுதான் குற்றம்.

பிற்காலத்தில் பால் மாவு விஷயத்திலும் இதே கதை நடந்தது. பல ஏழை நாடுகளில், தாதிகளைப் போல் உடையணிந்த பெண்களைக் கம்பெனிகள் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பின. இலவச டின்களும் கொடுத்தன. குழந்தை குடிக்காவிட்டால் தாய்ப்பால் வற்றிவிடும். இலவச டின் தீர்ந்ததும் தாய் விலைக்கு வாங்கியே தீர வேண்டும். வசதியில்லாதவள் ஒரு டின்னைப் பல நாளைக்கு வைத்துக்கொள்ளத் தண்ணீரை அதிகமாகக் கலந்தாள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லாத இடங்களில் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மாண்டன.

1977 ஜூலை 4-ம் தேதி அமெரிக்காவில், நெஸ்லே கம்பெனியின் சரக்கை வாங்குவதில்லை என்ற இயக்கம் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் பரவிற்று. 1981 மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சபையில், தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் உணவுகளுக்கான விதிமுறை 118 ஓட்டுகளால் நிறைவேறியது. எதிர்த்து விழுந்தது 1 ஓட்டு, அது அமெரிக்காவுடையது. விதிமுறையை அனுசரிப்பதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டதும் 1984-ல் இயக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது. சொன்னபடி நடக்கவில்லை என்று கூறி 1988-ல் அதை மீண்டும் தொடங்கினார்கள்.

“நான் ஒருவன் நிறுத்தினால் கம்பெனி அசையுமா? நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்கப்போகிறார்” என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. எடை குறைத்து விற்பவனும் இதே நியாயத்தைச் சொல்லலாம் அல்லவா? பக்கத்துக் கடையின் கணக்கு நம்மிடம் கேட்கப்படப்போவதில்லை. நம் கடைக்கு வரும் தாய் கம்பெனியைக் கண்டதில்லை, நம்மைத்தான் கண்டிருக்கிறாள். நாம் அலமாரியில் எடுத்து வைத்ததை, நாம் நல்லதென்று சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறாள். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஆனால் கண்மூடித்தனமாகவும் முடிவு செய்யலாகாது. தாயை இழந்த குழந்தைக்குப் பால் மாவு வேண்டும். அதை ஒரேயடியாக எடுத்துவிட்டால் அந்தக் குழந்தைதான் பட்டினி கிடக்கும். வேறு நல்ல கம்பெனியின் சரக்கு கிடைத்தால் அதை வாங்கி வைக்கலாம். கிடைக்காவிட்டால், கேட்டு வருபவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, கம்பெனியின் விளம்பர அட்டையையும் பரிசுத் திட்டத்தையும் வேண்டாமென்று சொல்லலாம். அவ்வளவாவது நம் கையில் இருக்கிறது.

நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில், கேள்விப்பட்டது உண்மைதானா என்று தீர விசாரிக்க வேண்டும். போட்டிக் கம்பெனி அதிகக் கமிஷன் தருகிறது என்பதற்காக நிறுத்திவிட்டு, நியாயத்துக்காக நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நிய்யத்து சுத்தமாக இருக்க வேண்டும். பழைய பாக்கியைக் காசு குறையாமல் தீர்த்துவிட வேண்டும். என்ன காரணத்துக்காக நிறுத்துகிறோம், எதைத் திருத்தினால் மறுபடி வாங்குவோம் என்று எழுதி அனுப்ப வேண்டும். காரணம் சொல்லாமல் விலகினால், விற்பனை குறைந்துவிட்டதென்றே அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். திருந்தினால் மறுபடி வாங்கவும் தயங்கக் கூடாது.

இதனால் லாபம் குறையும். சில வாடிக்கைக்காரர்களும் போகலாம். அதை முன்கூட்டியே கணக்குப் பார்த்து, தாங்க முடிந்த அளவில் தொடங்குவதே நல்லது. அடுத்த ஆர்டர் எழுதும்போது, எந்தக் கம்பெனியின் விற்பனை முறையை நம் வீட்டுப் பெண்களிடம் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறதோ, அதன் பெயருக்கு நேராகச் சற்று நேரம் பேனாவை நிறுத்தி யோசிப்போமாக.